கை உயரும்வரை

ஏப்ரல் 6, சனி

"சேர், தண்ணி வத்தினா அதிலை நிக்கிற கப்பல் என்ன செய்யும்?"

யாழ்ப்பாணத்தில், நெல்லியடி ரியூட்டறியில் மிதப்பு விதி படிப்பித்துக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்ட கேள்வி இது. வகுப்பு சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன். "தண்ணியோடை தானும் இறங்கும் பிள்ளை. கப்பலுக்கெண்டு தனிப் புத்தி கிடையாது. இரும்," என்றேன். அவள் இருந்துவிட்டாள். சில வருடம் கழித்து அதே பிள்ளையை எனக்குப் பேசிக் கட்டிவைத்தார்கள்.

அந்தக் கேள்விக்கான செய்முறை விளக்கத்தை இன்று அவளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு கால்வாய்ப் படகு. ஐம்பத்தேழு அடி நீளம், ஏழு அடிக்கும் குறைந்த அகலம், முழுக்க இரும்பு. ஒரு பஸ்ஸை நெடுக்காக வகுந்து ஒரு பாதியைத் தண்ணீரில் விட்டால் எப்படி இருக்கும், அப்படி. உள்ளே குசினி, கட்டில், கரி அடுப்பு, குளிக்கும் இடம் எல்லாம் ரெயின் பெட்டி போல ஒன்றன்பின் ஒன்றாக வரும். இங்கே, இங்கிலாந்தில், வெள்ளைக்காரர் ஓய்வுபெற்றதும் இப்படி ஒன்றை வாங்கி, ஊர் ஊராக மெதுவாகப் போய்க்கொண்டிருப்பார்கள். நம்மவர்களில் யாரும் வாங்கியதாக நான் அறியவில்லை. பின்னால் வாங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். பழைய மாணவர் சங்க மலரில் போடலாம்.

தவமலர் கரையில் நின்றாள். ஏறவில்லை. நான் கை நீட்டினேன்.

"எவ்வளவு நாளைக்கு?" என்றாள்.

"வீடு திருத்தி முடியுமட்டும்."

"ஆடிக்குள்ளை முடியுமே? சுகந்தியின்ரை திதி வருது."

"பாப்பம்."

"பாப்பம் எண்டா?"

"முதல்லை காலை வையும்."

என் கையைப் பிடிக்காமல் கூரைக் கம்பியைப் பிடித்து ஏறினாள். "நடுவிலை இரும், அங்கைதான் ஆட்டம் குறைவு," என்றேன். அவள் நடுவுக்குப் போகவில்லை. கதவடியிலேயே நின்றாள்.

புதியவர்களுக்கு முதல் பாடம்: படகில் எந்நேரமும் ஒரு கையாலாவது எதையாவது பிடித்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

தவமலர் சப்பாத்தோடு கதவடியில் குந்தியிருந்தபடியே நித்திரை கொண்டிருக்கிறாள். பழக்கமின்மைதான், வேறொன்றும் இல்லை. புள்ளியிட்டால்தான் ஒரு மாணவரின் முன்னேற்றம் தெரியும் என்பதால் இனி அவளுக்கும் இடுவதாக இருக்கிறேன். இன்று பத்துக்கு இரண்டு.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. பொங்கல் ஒரு பக்கமாகச் சரிந்து பொங்கியது. படகு சமநிலையில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. உடனே கரி மூட்டைகளை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றினேன்.

வேலைகள்: தண்ணீர்த் தாங்கியைக் கரையிலுள்ள குழாயில் நிரப்பியது. காஸ் போத்தல் மாற்றியது. கழிப்பறைப் பெட்டியைக் கழற்றித் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோய் ஊற்றிக் கழுவியது. கடைசி வேலை தவமலருடையது. குனிந்து செய்ய என் முதுகு விடாது.

"வீட்டுக்கு ஒருக்காப் போய் முத்தத்து மல்லிகைக்குத் தண்ணி விட்டிட்டு வரட்டே?" என்று கேட்டாள்.

"மேசன்மார் வேலை செய்யிற இடத்துக்கு ஏன் போறீர்?"

வீடு விற்ற விடயத்தை இன்னும் சொல்லவில்லை. எதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கூட்டல் விளங்காத பிள்ளைக்குக் கழித்தல் படிப்பிக்கக் கூடாது. முதலில் படகு பழகட்டும். பத்திரத்தில் அவள் கையொப்பம் சரியாக இருக்கிறது. எங்கெங்கே நான் பென்சிலால் புள்ளடி போட்டுக் கொடுத்தேனோ அங்கெல்லாம் வைத்தாள். வாசித்துப் பார்க்கச் சொல்லவில்லை என்று யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அவள் வாசிக்கக் கேட்கவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

இன்று முதல் லொக். இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

கால்வாய் மேட்டில் ஏறவும் பள்ளத்தில் இறங்கவும் கட்டிய தண்ணீர் லிஃப்ட் அது. ஆழமான ஒரு கல் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் பெரிய மரக் கதவுகள். கதவுகளில் மடைகள். படகு உள்ளே போனதும் கதவுகளை மூடி, கீழ் மடையைத் திறந்தால் தொட்டி வற்றும், படகும் இறங்கும். மேல் மடையைத் திறந்தால் தொட்டி நிரம்பும், படகும் ஏறும். மடையைத் திறக்கவும் மூடவும் ஒரு வளைந்த இரும்புப் பிடி உண்டு. அதை வைத்துத் திருக வேண்டும்.

இறங்கும்போது ஒரே ஒரு ஆபத்து. மேல் கதவின் அடியில், தண்ணீருக்குள், ஒரு கற்படி உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். சுவரில் ஒரு வெள்ளைக் கோடு அதைக் காட்டும். படகின் பின்பக்கம் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் வற்ற வற்ற முன்பக்கம் இறங்கும், பின்பக்கம் படியில் தங்கிவிடும். இதைக் கவனிப்பது சுக்கான் பிடிப்பவரின் வேலை. அதாவது என் வேலை.

தவமலருக்குக் கரை வேலை. கதவு தள்ளுவதும் மடை திருகுவதும். அவளுக்குத் தண்ணீர் பிடிக்காது என்பதால் யோசித்து அதைத்தான் கொடுத்தேன். மடை இரைச்சலில் குரல் கேட்காது. ஆகவே சைகைகள் வகுத்தேன். என் கை முன்னால் நீண்டால் திறக்க வேண்டும். என் கை தலைக்கு மேல் உயர்ந்தால் மூட வேண்டும். என் கை சும்மா இருந்தால் அவளும் சும்மா இருக்க வேண்டும்.

பின்னால் பச்சைப் படகில் வந்த மொரீன் என்ற வெள்ளைக்காரி பார்த்துக்கொண்டு நின்றாள். எழுபது வயதிருக்கும். தனியாள், ஒரு நாய்.

"நீங்கள் ரெண்டு பேரும் மாறி மாறிச் செய்யிறேல்லையா?" என்று கேட்டாள்.

"அவவுக்குச் சரிவராது."

"அவவைக் கேட்டனீங்களா?"

"கலியாணம் கட்டி முப்பத்துநாலு வருஷம். எனக்குத் தெரியும்."

"எனக்கும் ஒருத்தர் இருந்தார், எல்லாம் தெரிஞ்சவர். அவரைவிட இந்த நாய் பரவாயில்லை," என்று சொல்லிவிட்டு நாயின் காதைச் சொறிந்தாள்.

தவமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா தெரியவில்லை. கதவைத் தள்ளும்போது இரண்டு தரம் சறுக்கினாள். பத்துக்கு நாலு.

மே 4, சனி

படகுக்கு 'தவமலர்' என்று பெயர் எழுதுவித்தேன். சிவப்பில், பொன் விளிம்போடு, இரண்டு பக்கமும், தமிழில். பெயர்ப்பலகை எழுதும் வெள்ளைக்காரப் பெடியனுக்கு ஒவ்வொரு எழுத்தாக நான் பேப்பரில் வரைந்து கொடுத்தேன். 'ம'வைப் போடவே அரை நாள் எடுத்தான்.

மொரீனுக்கு முகம் கறுத்துவிட்டது. தண்ணீரில் நிற்கிற படகின் பெயரை மாற்றக் கூடாதாம். முதலில் கரையில் ஏற்றிவிட்டுத்தான் மாற்ற வேண்டுமாம். விஞ்ஞான வாத்தியாரிடம் வந்து சொல்கிறாள்.

தவமலர் கடைக்குப் போய்த் திரும்பியவள் பையோடு நின்று வாசித்தாள்.

"என்ரை பேரை ஏன் தண்ணியிலை எழுதினியள்?"

"உம்மடை பேரிலை ஒரு படகு ஓடுது. சந்தோசப்படும்."

"ஒருக்காக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேண்டாம் எண்டுவீர். பிறகு நான் விளங்கப்படுத்த வேணும். ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம்."

மே 11, சனி

படகைத் தள்ளும் விசிறியில் துணி சுற்றிவிட்டது. இஞ்சின் உறுமி நின்றது. இது புதியவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை. பின்தளத்தில் ஒரு மூடி இருக்கிறது. அதைத் திறந்து கையை விட்டால் விசிறியைத் தொடலாம். பாண் வெட்டும் கத்தியால் அறுத்தெடுத்தேன். தவமலர் கூரையில் காயப்போட்டிருந்த பழைய நூல்சேலை, காற்றில் பறந்து விழுந்திருக்கிறது. ஊதா நிறம். அதை ஏன் வைத்திருக்கிறாள் என்று எனக்கு எப்போதுமே விளங்கியதில்லை. உடுப்பதும் இல்லை. தலையணைக்கு மேல் விரித்துப் படுப்பாள்.

அவள் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, கம்பியில் வரிசையாக விரித்தாள்.

"அது சுகந்தி கடைசியா உடுத்திருந்தது," என்றாள்.

சுகந்தி அவளுடைய தங்கை. தொண்ணூற்று மூன்றில் பத்தொன்பது வயது. அந்த வருடம் நான் முதலில் கொழும்புக்குப் போய்விட்டேன். யுத்தத்தில் தரைப்பாதை அடைபட்டிருந்ததால், பின்னால் இவர்கள் இரண்டு பேரும் கிளாலி ஏரியைப் படகில் கடக்க வெளிக்கிட்டார்கள். புறப்படுமுன் நான் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன்: படகின் நடுவில், அடியில் இருங்கள், பாரத்தின் மையம் அங்கேதான், அங்கேதான் பாதுகாப்பு. தவமலர் தங்கையை நடுவில் இருத்திவிட்டுத் தனக்கு இடமில்லாமல் ஓரத்தில் இருந்திருக்கிறாள். படகுக்குள் தண்ணீர் வந்தபோது சனம் பயத்தில் நடுவே விழுந்தது. அடியில் இருந்தவர்கள் எழும்ப முடியவில்லை. ஓரத்தில் இருந்தவர்கள் தப்பினார்கள்.

பாடம் சரியானது. அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியது பாடத்துக்கு வெளியே உள்ள விடயம். இதை அவளுக்குப் பல தடவை பொறுமையாக விளங்கப்படுத்தியிருக்கிறேன்.

அறிவுரை: காயப்போடும் துணிகளுக்குக் கிளிப் போடவும்.

மே 18, சனி

இன்று கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டியதாயிற்று.

மேலே ஏறும் லொக். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. முன்பக்கக் கயிறு சுவரிலிருந்த ஒரு இரும்பு வளையத்தில் சிக்கி இறுகிக்கொண்டதை நான் காணவில்லை. படகு ஏற, கயிறு முன்பக்கத்தைக் கீழே பிடித்து இழுக்கத் தொடங்கியது. தவமலர் கண்டாள். என்னைப் பாராமலே மடையை மூடிவிட்டாள். ஓடிப்போய்க் கயிற்றைத் தளர்த்தினாள். ஒன்றும் நடக்கவில்லை.

கரையேறியதும் கேட்டேன். "நான் கை காட்டினனானே?"

"இல்லை. கயிறு..."

"கயிறைப் பற்றிக் கேக்கேல்லை. நான் கை காட்டினனானே?"

"இல்லை."

"இண்டைக்கு நீர் நினைச்சது சரியாப் போச்சு. நாளைக்குப் பிழையா நினைப்பீர். படகிலை ரெண்டு மூளை வேலை செய்தா என்ன நடக்கும்? ஒரு சைக்கிளுக்கு ரெண்டு ஹான்டில் இருந்தா எப்பிடி ஓடுறது?"

விதியைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பாதை ஓரத்தில் நின்று சொன்னாள்: "உங்கடை கை நீண்டா திறக்கிறது. உங்கடை கை உயர்ந்தா மூடுறது. ரெண்டும் இல்லாட்டி நான் ஒண்டும் செய்யிறேல்லை."

"இன்னொருக்கா."

ஐந்தாறு தரம் சொல்வித்தேன். சைக்கிளில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். மொரீன் தன் படகிலிருந்து, "அவ இல்லாட்டி நீ இப்ப மீனோடை கதைச்சுக்கொண்டிருப்பாய்," என்று கத்தினாள். நான் கையசைத்து விட்டுவிட்டேன். படிப்பித்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு பிள்ளை பிழையான வழியில் சரியான விடையைக் கண்டால் அதற்குப் புள்ளி கொடுக்கக் கூடாது.

பூச்சியம்.

ஜூன் 2, ஞாயிறு

லொக் வேலையில் பிழையே இல்லை. என் கையைத் தவிர வேறெதையும் பார்க்கிறாள் இல்லை. எட்டு.

ஜூன் 15, சனி

காலையில் எழும்பியபோது தவமலர் இல்லை. தேத்தண்ணிப் போத்தல் மூடி வைத்திருந்தது. பின்னேரம் வந்தாள். ஹாரோவுக்கு, எங்கள் வீட்டைப் பார்க்க, ரெயினில் போய் வந்திருக்கிறாள்.

"கேற்றுக்கு நீலம் அடிச்சிருக்கினம்," என்றாள்.

நான் பித்தளைக் குமிழ்களை மினுக்கிக்கொண்டிருந்தேன்.

"மல்லிகையை வெட்டிப்போட்டு அதிலை சைக்கிள் நிப்பாட்டுற கம்பி நட்டிருக்கு. ஒரு சின்னப் பிள்ளை யன்னலாலை எனக்குக் கை காட்டினது. தாய் வந்து ஆரைத் தேடுறியள் எண்டு கேட்டா."

"என்ன சொன்னீர்?"

"விலாசம் மாறி வந்திட்டன் எண்டு சொன்னன்."

நல்ல பதில். கழித்தல் பாடத்தை நான் தொடங்காமலே அவள் தானாகப் படித்துவிட்டாள் என்பதில் ஒரு நிம்மதி. உட்காரவைத்து ஆறுதலாகச் சொன்னேன்: வீடு என்பது கூரையும் சுவரும்தான், இதற்கும் கூரையும் சுவரும் இருக்கின்றன, கூடுதலாக இது நகரும். நத்தையை உதாரணமாகக் காட்டினேன்.

"அப்ப நாங்கள் இனித் தண்ணியிலைதான்," என்றாள்.

"ஒரு வருஷம் பாப்பம். பிடிக்காட்டி யோசிப்பம்."

"சுகந்தியின்ரை படம் எங்கை?"

வீட்டுச் சுவரில் இருந்த படம். கண்ணாடிச் சட்டம் பாரம் என்பதால் கழற்றி எறிந்துவிட்டுப் படத்தை மட்டும் ஒரு கவரில் போட்டு, அடித்தளப் பலகைக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். இரும்புப் படகில் அடித்தளம் வேர்க்கும். இது நான் எதிர்பாராதது. படம் கவரோடு ஒட்டிவிட்டது. உரித்தபோது முகம் கவரோடு போனது. இரட்டைப் பின்னலும் சட்டைக் கழுத்தும் மிஞ்சின.

"உமக்கு முகம் மனப்பாடம்தானே," என்றேன்.

அறிவுரை: காகிதங்களைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கவும்.

ஜூலை 9, செவ்வாய்

தவமலர் இப்போது என்னோடு அதிகம் கதைப்பதில்லை. மொரீனோடு கதைக்கிறாள், அவளுடைய உடைந்த ஆங்கிலத்தில். இரண்டு பேரும் உடுப்புத் தோய்க்கும் கடைக்குச் சேர்ந்து போகிறார்கள். அமைதி படகு வாழ்க்கையின் முக்கிய இன்பம் என்று புத்தகங்களில் எழுதியிருப்பது உண்மைதான்.

லொக் வேலை: ஒன்பது. ஒரு புள்ளியை எப்போதும் பிடித்து வைத்திருப்பது என் வழக்கம். முழுப்புள்ளி கொடுத்தால் பிள்ளை படிப்பதை விட்டுவிடும்.

ஜூலை 23, செவ்வாய்

நிரந்தரத் தரிப்பிடம் இல்லாத படகு ஓரிடத்தில் இரண்டு கிழமைக்கு மேல் நிற்க முடியாது. அது இங்குள்ள சட்டம். எங்கள் இரண்டு கிழமை நாளையோடு முடிகிறது. ஐந்து லொக்குகள் அடுத்தடுத்து இறங்க வேண்டும்.

"நாளைக்குத் திதி," என்றாள் தவமலர். "ஒரு நாள் நிண்டிட்டுப் போவம். கரையிலை ஒரு செடியடியிலை இலை போட்டுப் படைச்சிட்டு..."

"சட்டம் சட்டம்தான். கீழை இறங்கிப் பின்னேரம் படையும். சுகந்திக்கு இனி என்ன அவசரம்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பாத்திரங்களைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

ஜூலை 25, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல் என்றால் பொறுத்துக்கொள்ளவும். நேற்று நடந்ததை ஒழுங்காகப் பதிவது பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படும்.

முதல் இரண்டு லொக்கும் நன்றாக இறங்கினோம். தவமலர் விரதம். ஒன்றும் குடிக்கவும் இல்லை. மூன்றாவதில் படகை உள்ளே விட்டேன், கோட்டுக்கு முன்னால்தான் நிறுத்தினேன். அவள் மேல் கதவை மூடி, கீழ்க் கதவுக்கு நடந்துபோய், இரும்புப் பிடியை மாட்டி, திரும்பி என்னைப் பார்த்தாள். கையை நீட்டினேன். மடையைத் திறந்தாள். எல்லாம் முறைப்படி. அவள் வேலை அவ்வளவு துப்புரவாக இருந்ததால், மறக்குமுன் புள்ளியைக் குறித்துவிடலாம் என்று இந்தக் கொப்பியை எடுத்தேன். அந்த நேரத்தில் படகு பின்னால் நகர்ந்திருக்க வேண்டும். வெள்ளைக் கோடு எனக்கு முன்னால் போனதை நான் பார்க்கவில்லை.

'ஒன்பது' என்று எழுதி நிமிர்ந்தபோது கால் சறுக்கியது. படகின் பின்பக்கம் கற்படியில் ஏறிக் குந்திவிட்டது. முன்பக்கம் தண்ணீரோடு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பாத்திரங்கள், போத்தல்கள், கரி மூட்டைகள் எல்லாம் முன்னோக்கி உருண்டன. தளம் ஒரு கூரை போலச் சரிந்தது. ஒரு கையால் சுக்கான் பிடியையும் மறு கையால் கதவு விளிம்பையும் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். முன்வாசலுக்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. இப்படித் தொங்கும் படகைக் காப்பாற்ற ஒரே வழிதான் உண்டு: கீழ் மடையை உடனே மூட வேண்டும். பிறகு மேல் மடையைத் திறந்து திரும்ப மிதக்கவிட வேண்டும்.

"மூடும்! மடையை மூடும்!"

தவமலர் மடையடியில் நின்றாள். இரும்புப் பிடியில் ஒரு கை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல. என் கைகளை.

"தவமலர்!"

கீழ்ப் பக்கத்திலிருந்து மொரீன் ஓடி வந்தாள், நாய் குரைத்துக்கொண்டு முன்னால். என்னவோ கத்தினாள். மடையை மூடத் தாவினாள். தவமலர் மற்றக் கையை நீட்டி அவளைத் தடுத்தாள். சத்தமாக அல்ல, வகுப்பில் விடை சொல்வது போல, ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. "அவர் இன்னும் கை உயர்த்தவில்லை."

மொரீன் அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

நான் யோசித்தேன். பிடியை விட்டால் விழுவேன். விடாவிட்டால் படகு போய்விடும், நானும் அதோடு போவேன். படகின் பக்கத்தில் சிவப்பில் எழுதிய பெயர் ஒவ்வொரு எழுத்தாகத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. 'த' போய்விட்டது. 'வ' போய்விட்டது. எந்நேரமும் எதையாவது பிடித்திருக்க வேண்டும் என்று சொன்னவன் நான்தான்.

கதவு விளிம்பை விட்டு வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தினேன்.

அந்தக் கணமே அவள் மூடத் தொடங்கிவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் சறுக்கினேன். சுக்கான் பிடி சுழன்று வந்து உயர்த்திய கையில் அடித்தது. எலும்பு உடைந்த சத்தம் உலர்ந்த தடி முறிவது போல இருந்தது. வேறு உதாரணம் தேவையில்லை. இஞ்சின் மூடிக்கு மேல் போய் விழுந்தேன்.

அவள் மேல் கதவுக்கு நடந்து வந்தாள். ஓடவில்லை. என்னைக் கடந்தபோது குனிந்து பார்க்கவும் இல்லை. மேல் மடையைப் பாதியளவு, மெதுவாக, சரியாக நான் படிப்பித்தபடி திறந்தாள். தொட்டி நிரம்ப, படகு தன்னைத்தானே சமன்செய்துகொண்டு மேலே வந்தது.

"நான் கத்தினது கேக்கேல்லையே?" என்றேன்.

"கேட்டது."

"பின்னை ஏன் நிண்டனீர்?"

"நீங்கள் கை காட்டேல்லை, சேர்."

கலியாணம் முடித்த பிறகு அவள் என்னை 'சேர்' என்று கூப்பிட்டது இதுவே முதல் தடவை.

உள்ளே முழங்கால் தண்ணீர். அதற்குள் இறங்கிப்போய், ஒரு கடைப் பையில் சேலைத் துண்டுகளையும் அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள். இரும்புப் பிடியை என் பக்கத்தில் வைத்தாள்.

"இண்டைக்குத் திதி. நான் கரையிலை நிக்கப்போறன்."

"சரி. வரேக்கை பாண் வாங்கிக்கொண்டு வாரும்."

பாதையால் நடந்துபோனாள். செருப்பில் தண்ணீர் சளக் சளக் என்றது. அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். மொரீன்தான் அம்புலன்சைக் கூப்பிட்டாள். வரும்வரை என் பக்கத்தில், பாதையைப் பார்த்தபடி இருந்தாள். நாய் மட்டும் என் கையை மணந்து பார்த்தது.

தவமலருக்கு நேற்றைய புள்ளி: பத்துக்குப் பத்து. எழுதியிருந்த ஒன்பதை வெட்டி மாற்றியிருக்கிறேன். முழுப் புள்ளி கொடுக்காமல் இருக்க எனக்கு நியாயம் இல்லை.

ஜூலை 28, ஞாயிறு

பாண் இல்லை. பிஸ்கற் இருந்தது.

ஆகஸ்ட் 3, சனி

படகை லொக்குக்கு மேலே கட்டியிருக்கிறார்கள். தண்ணீரை இறைத்துவிட்டார்கள். மெத்தை நாறுகிறது. கை கட்டுப் போட்டிருப்பதால் இரண்டு கிழமைச் சட்டத்தில் எனக்குக் கொஞ்சம் சலுகை தந்திருக்கிறார்கள். அதன் பிறகு நகர வேண்டும். இந்தப் படகை லொக்கில் நகர்த்தக் கரையில் ஒரு ஆள் வேண்டும். தண்ணீர் நிரப்பவும் கழிப்பறைப் பெட்டியை ஊற்றவும் ஒரு ஆள் வேண்டும்.

மொரீன் வந்தாள். படியில் நின்றே கதைத்தாள்.

"அவ நல்லா இருக்கிறா. ஒரு அறை எடுத்திருக்கிறா."

"எங்கை?"

"கீழ்த் தளம். யன்னலைத் திறந்தா மண். அவ கேட்டது அது ஒண்டுதான்."

"எப்ப வருவா?"

"நீ வாத்தியார்தானே," என்றாள். "உனக்கு விளங்காத கேள்வியை மற்ற ஆக்களிட்டைக் கேக்காதை." ஒரு பாணைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குச் சொல்லியனுப்பிய பாண் அதுவா, அவளாக வாங்கியதா என்று கேட்க மறந்துவிட்டேன். தவமலர் வாங்கியிருந்தால் திரும்பி வருகிற எண்ணம் உண்டு என்று கொள்ளலாம். விதைப் பாண். அவளுக்கு விதைப் பாண் பிடிக்காது என்பதும் உண்மை.

தண்ணீர் வற்றினால் கப்பல் என்ன செய்யும் என்ற கேள்விக்கு ரியூட்டறியில் நான் கொடுத்த விடை முழுமையானதல்ல. அது கப்பலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அன்று வகுப்பு சிரித்ததால் பாடத்தை அதோடு முடித்துவிட்டேன். இன்று காலை குசினிப் பேசினில், ஒற்றைக் கையால், செய்து பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கக் கஷ்டமாக இருந்தது. பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்க நல்ல செய்முறை. நீங்களும் செய்யலாம்.

ஒரு பேசினின் ஓரத்தில் ஒரு செங்கல்லை வைத்து, அது மூழ்கும்வரை தண்ணீர் விட்டு, ஒரு மர அடிமட்டத்தை அதன் ஒரு நுனி செங்கல்லுக்கு மேலே நிற்க மிதக்கவிட்டு, தண்ணீரை மெதுவாக வற்றவிடுங்கள். முடியும்வரை கை கொடுக்காமல் நின்று பாருங்கள்.